இறைப்பும் படிப்பும்

தோட்டத்துக்கும் கச்சேரிக்கும் போய்வந்தவர்கள் பத்தாயிரம் செய்யுளைக் கேட்டு முடித்தது எப்படி? யாழ்ப்பாணத்துப் புராண படனம் பற்றி.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் 10,345 செய்யுள்கள். ஒரு மாலைக்கு 40 என்று வைத்துக்கொண்டால் 259 மாலைகள் வேண்டும். இன்றைக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதல் காண்டமான உற்பத்தி காண்டத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில், புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவர், சந்தையில் வெங்காயம் விற்றுவிட்டு வந்தவர், கச்சேரியில் நாள் முழுக்கக் கோப்பு எழுதிவிட்டு வந்தவர் எல்லோரும் அதைக் கேட்டு முடித்தார்கள். ஆயுளில் ஒருமுறை மட்டும் கேட்டவர்கள் குறைவு. எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவர் ஒருவர், சூரபன்மனுக்கும் வீரவாகு தேவருக்கும் நடந்த வாக்குவாதத்தை வரி பிசகாமல் சொல்லக்கூடிய ஊர்கள் அங்கே இருந்தன.

உழைப்பு முடிந்த பின் மிஞ்சும் நேரத்தில் சமய நூலைக் கற்பது தனி மனிதனின் வைராக்கியத்தைப் பொறுத்தது என்று நாம் நினைக்கிறோம். யாழ்ப்பாணம் அதை வைராக்கியத்திடம் விட்டு வைக்கவில்லை. கோயிலின் நேர அட்டவணைக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டது.

வாசிப்பவரும் பயன் சொல்பவரும்

புராண படனத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசிப்பவர், மற்றவர் பயன் சொல்பவர். வாசிப்பவர் செய்யுளை இராகத்தோடு இழுத்துப் படிப்பார். போர் வந்தால் ஒரு இராகம், புலம்பல் வந்தால் இன்னொன்று. பயன் சொல்பவர் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் உரைப்பார். முந்தின நாள் விட்ட இடத்தை நினைவூட்டுவார். கிளைக்கதை ஒன்றுக்குள் போய்த் திரும்புவார். அதற்குள் வாசிப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த செய்யுளுக்குத் தயாராகிவிடுவார்.

இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் கேட்பவரின் பக்கம்தான். அவருக்குப் புத்தகம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், படிப்பும் வேண்டாம். காலை நீட்டித் தூணில் சாய்ந்துகொண்டால் போதும். அலுப்பில் கண் அயர்ந்தாலும் அடுத்த செய்யுளின் இராகம் எழுப்பிவிடும். நாலு நாள் வராமல் இருந்துவிட்டு வந்தாலும் கதை கைவிட்டுப் போகாது. பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் சொல்லிவிடுவார். தனியாகப் படிப்பவன் நாலு நாள் விட்டால் ஐந்தாம் நாள் புத்தகத்தைத் திறப்பதே இல்லை.

சபையில் இருந்தவர்கள் வாய்மூடிக் கேட்டவர்களும் அல்லர். யாழ்ப்பாணத்தாருக்குப் பிழை பிடிப்பதில் உள்ள ஆசை ஊரறிந்தது. பதம் பிரித்ததில் தவறு என்று ஒருவர் தொண்டையைச் செருமுவார். இலக்கணத்தில் தவறு என்று இன்னொருவர் நிமிர்ந்து உட்காருவார். நல்ல பயன்காரர் அந்தச் செருமலுக்குப் பயந்து மத்தியானமே ஒருமுறை செய்யுளைப் பார்த்துக்கொண்டு வருவார். அவரும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராகவோ தோட்டக்காரராகவோ இருந்தார். தட்சணையும் முடிவு நாளில் போர்த்தும் சால்வையும்தான் கிடைக்கும். அதைக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆண்டு முழுக்க இதற்கான இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. கார்த்திகையும் மார்கழியும் சந்திக்கும் 21 நாட்களில் பிள்ளையார் பெருங்கதை விரதம்; சுன்னாகம் வரத பண்டிதர் பாடிய பிள்ளையார் கதை அப்போது வாசிக்கப்படும். மார்கழித் திருவெம்பாவைப் பத்து நாட்களில் திருவாதவூரடிகள் புராணம். அந்த நாட்களில் விடியுமுன் சங்கும் சேமக்கலமுமாக இளைஞர்கள் தெருவைச் சுற்றிப் பாடிக்கொண்டு போவார்கள். பாட்டு முடிந்து வீடு திரும்பினால் தோட்ட வேலைக்கு நேரம் சரியாக இருக்கும். ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தால் சூரபன்மன் வதை. பெரியபுராணமும் திருவிளையாடற் புராணமும் கோயிலுக்குக் கோயில் வேறு வேறு காலங்களில் நடந்தன. இந்த நாட்காட்டியைப் போட்டவர்கள் மாரி மழையையும் இறைப்பையும் அறிந்தவர்கள்.

கேட்டுக்கொண்டே கைவேலை பார்ப்பதும் அங்கே பழகிய வழக்கம். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையோ கதையோ உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றுவார்கள். அரசியல் அறிவு பலருக்கு வந்து சேர்ந்தது அந்தக் கொட்டில்களில்தான். கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களிலோ தவக்காலம் வந்தால் யாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிப்பார்கள். கடலுக்குப் போய் வந்தவர்கள் அழுதுகொண்டு கேட்பார்கள். ஒருவர் வாசிக்க ஊர் கேட்பது மதங்களைத் தாண்டிய யாழ்ப்பாணப் பழக்கம்.

மட்டுவிலில் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்: கந்தபுராண கலாசாரம். யாழ்ப்பாணத்தாரின் பேச்சு, பழமொழி, நல்லது கெட்டது பார்க்கும் விதம் எல்லாவற்றிலும் அந்தப் புராணம் ஊறியிருக்கிறது என்பது அவர் வாதம். சற்று மிகையென்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் சொன்னவரும் வேலைக்குப் போய்வந்த மனிதர். வண்ணார்பண்ணையில் நாவலர் காவிய பாடசாலையில் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடம் படித்து, திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் நெடுங்காலம் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவர். தட்ச காண்டத்துக்கு அவர் எழுதிய உரை அந்த வாழ்க்கைக்குள் விளைந்தது.

தினம் ஒரு தாள்

உழைப்புக்கு நடுவே எப்படிப் படிப்பது என்ற இதே கேள்வியை உலகில் மிகக் கறாராகக் கேட்டவர்கள் யூதர்கள். அவர்களுக்குத் தங்கள் வேதமான தோராவைப் படிப்பது அன்றாடக் கடமை. பிழைப்பைப் பார்ப்பதா, படிப்பைப் பார்ப்பதா என்ற சண்டை இரண்டாயிரம் ஆண்டுக்காலச் சண்டை.

1923 ஆகஸ்டில் வியன்னாவில் கூடிய மாநாட்டில் மேயர் ஷபீரோ என்ற இளம் ராபி ஒரு யோசனை சொன்னார். தோராவை விளக்கும் பாபிலோனியத் தால்மூதில் 2,711 தாள்கள். உலகத்து யூதர் எல்லோரும் ஒரே நாளில் ஒரே தாளைப் படிப்போம். நாளைக்கு அடுத்த தாள். அந்த செப்டம்பரில் அவர்களுடைய புத்தாண்டு அன்று தொடங்கினார்கள். ஒரு சுற்று முடிய ஏழு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகும். 13ஆவது சுற்று 2020 ஜனவரியில் முடிந்தபோது நியூ ஜெர்சியில் ஒரு விளையாட்டரங்கில் ஏறத்தாழ 90,000 பேர் கூடினார்கள். இப்போது ஓடுவது 14ஆவது சுற்று. 2027 ஜூனில் முடியும். நியூயார்க்குக்கு லாங் ஐலண்டிலிருந்து காலையில் போகும் ரயிலின் ஒரு பெட்டியில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து அன்றைய தாளைப் படித்திருக்கிறார்கள். ஒருவர் பாடம் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். வக்கீலும் கணக்காளரும் சூப்பர்மார்க்கெட் முதலாளியும் அலுவலகம் போகும் வழியில் படித்து முடிக்கும் கல்வி அது. நம் பயன்காரர் அந்தப் பெட்டியில் ஏறினால் அந்நியமாக உணரமாட்டார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி யூத அறிஞர் மைமோனிதீஸ் (1138–1204). அவரைத் தொடக்கத்தில் தாங்கியவர் தம்பி தாவீது, இரத்தின வியாபாரி. அண்ணன் படிக்கட்டும் என்று தம்பி கடல் கடந்து வியாபாரம் செய்தான். இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட தாவீது நம் இந்தியப் பெருங்கடலில்தான் மூழ்கிப் போனான். குடும்பம் நிர்க்கதியானது. துக்கத்தில் நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்த மைமோனிதீஸ், எழுந்த பிறகு வைத்தியத்தைத் தொழிலாக்கிக்கொண்டு கெய்ரோ அரண்மனை வைத்தியரானார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தன் நாளை அவர் விவரிக்கிறார். காலையில் அரண்மனைக்குப் போனால் வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். பசியோடு வந்தால் முற்றம் நிறைய நோயாளிகள். இரவானதும் படுத்துக்கொண்டேதான் அவர்களுக்கு மருந்து சொல்ல முடிகிறது. ஓய்வுநாளில் மட்டுமே தன் ஆட்களோடு உட்கார்ந்து படிக்கிறார். இப்படி வாழ்ந்த மனிதர், படிப்பைக் காட்டி ஊரார் தருமத்தில் வாழ்பவன் கடவுளின் பெயரையே கெடுக்கிறான் என்று கடுமையாக எழுதிவைத்தார்.

அவர் பேச்சை எல்லோரும் கேட்கவில்லை. இஸ்ரேலில் ஆயிரக்கணக்கான ஆண்கள் இன்று உதவித்தொகையில் முழுநேரம் படிக்கிறார்கள். படிப்பைக் காட்டிப் பட்டாளத்துக்கும் போகாமல் இருந்தார்கள். 2024 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்த விலக்குக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்ன பிறகு, அரசாங்கமே ஆட்டம் காணும் விவகாரமாக அது ஆகிவிட்டது.

வேலையை விட்டவர்கள்

யாழ்ப்பாணத்திலும் வேலையை விட்டவர்கள் உண்டு. நாம் கும்பிடுவதும் அவர்களைத்தான்.

ஆறுமுக நாவலர் (1822–1879) 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன் பின் வெள்ளிக்கிழமை மாலைகளில் தொடர்ந்தார். அந்த மாதங்களில் அவர் வெஸ்லியன் மிஷன் பள்ளி ஆசிரியர். பகலில் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பு வேலை. வெள்ளி மாலை சைவப் பிரசங்கம். இப்படி ஒரு இரட்டை வாழ்க்கையைக் கொஞ்ச காலமாவது நடத்தியிருக்கிறார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1848இல் அந்த வேலையை விட்டு, அதே ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வித்தியாசாலைச் செலவுக்கு வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்த கதையை யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வார்கள்: உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பது. ஒருவர் வேலையை விட்டுப் படிப்பிப்பதற்கு எத்தனை வீட்டு அடுப்புகள் துணை நிற்க வேண்டியிருந்தது என்பதற்கு அதுவே கணக்கு.

யோகர் சுவாமி (1872–1964) நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளர்; கிளிநொச்சிப் பக்கத்தில் வேலை. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்ட பிறகு அந்த உத்தியோகத்தை உதறிவிட்டார். ஆனால் அவரைத் தேடிக் கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் கிளாக்கர்கள், வாத்தியார்கள், டாக்டர்கள். வந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிடவில்லை. தரிசனம் முடிந்து மறுநாள் கந்தோருக்குப் போனார்கள்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. நிலம் சிறிது, குடும்பம் பெரிது, ஆகவே அரசாங்க உத்தியோகம். பிள்ளைகள் ஆங்கிலம் படித்துக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியோடர் வந்தது. தோட்டக்காரருக்குக் கிடைத்த மாலை நேரம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் படிப்பை வாழ்நாளின் பின்பகுதிக்குத் தள்ளி வைத்தார்கள். மலாயன் பென்சனியர் என்றொரு வர்க்கம் உருவானது. ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்று, பென்சனோடு ஊருக்கு வந்து, கல்வீடு கட்டி, கோயில் தர்மகர்த்தா ஆகி, அடுத்த இருபது வருடம் புராணம் கேட்டுத் தீர்த்தவர்கள் அவர்கள். பயன்காரரைப் பிழை பிடிப்பதில் இவர்கள் தனி ரகம். பென்சன் இருக்கிறதல்லவா, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

வெளியே நின்றவர்கள்

இந்தக் கலாசாரத்தைப் புகழ்ந்து எழுதுகிற கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். மண்டபத் தூணில் சாய்ந்து கேட்க ஒருவருக்கு நேரம் கிடைத்தது என்றால், அவர் தோட்டத்தில் இன்னொருவர் கூலிக்குக் கிணற்றுத் துலா மிதித்திருப்பார். அந்த இன்னொருவருக்குச் சாதியின் பெயரால் கோயிலுக்குள் இடம் கிடையாது. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது 1957இல். அதற்குப் பதினொரு ஆண்டுக்குப் பிறகும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி மக்கள் போராட வேண்டியிருந்தது. முருகனின் கதையை ஊருக்கே பொதுவாகச் சொன்ன கலாசாரம் என்று பெருமை பேசும்போது, ஊர் என்றால் எவரெவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெண்களின் பங்கும் அப்படித்தான். விரத நாளில் விடியலில் எழுந்து கோயிலுக்கு மோதகம் அவித்து, வீட்டில் பிள்ளைகளைக் கவனித்து, மிஞ்சிய நேரத்தில் தூணுக்கு அப்பால் இருந்து கேட்டார்கள். வாசிக்கும் இடத்திலும் பயன் சொல்லும் இடத்திலும் நெடுங்காலம் ஆண்களே இருந்தார்கள். அப்படியிருந்தும் வள்ளியம்மை திருமணப் படலத்தை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொன்னது யார் என்று கேட்டால், பெரும்பாலான யாழ்ப்பாணத்தார் அம்மம்மாவைத்தான் சொல்வார்கள்.

மாலை எங்கே போனது?

பம்பு வந்து இறைப்பு நேரம் குறைந்தது. மாலை மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை. துலா இருந்த காலத்தில் எல்லோர் வேலையும் சூரியனோடு முடிந்தது. இப்போது ஒவ்வொருவர் வேலையும் ஒவ்வொரு நேரத்தில் முடிகிறது. கடை ஒன்பது மணிக்குப் பூட்டும், வங்கிக்காரர் கணக்கு முடித்து வர ஏழாகும், பிள்ளைகள் டியூசனால் வர எட்டாகும். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் இருக்கலாம். ஒரே மணி நேரம் இல்லை.

யுத்தம் இதை இன்னும் சிதைத்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தல் விளக்கில்தான் ஊர் படித்தது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. வலிகாமம் வடக்கில் பல கோயில்கள் நெடுங்காலம் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தன. வாசித்தவர் ஒரு நாட்டில், பயன் சொன்னவர் இன்னொரு நாட்டில், கேட்டவர் மூன்றாவது நாட்டில் என்று ஆனது.

இப்போதும் படனம் நடக்கிறது. திருவிழாக் காலத்திலும் விரத நாட்களிலும் நடக்கிறது. ஆனால் பல இடங்களில் பூசைக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் நடுவே, ஒலிபெருக்கிக்கும் நாதஸ்வரத்துக்கும் இடையில், நாலு கிழவர்களும் இரண்டு பேரப் பிள்ளைகளுமாக. இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று குறை சொல்வது சுலபம். டியூசன் கொட்டகைகள் வெள்ளி மாலையையும் ஞாயிறையும் விழுங்கியதால், அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகளே இல்லை என்று ஆனபோது, அந்த நேரங்களில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு வைக்கக் கூடாது என்று யாழ்ப்பாணத்தில் அண்மை ஆண்டுகளில் நிர்வாக மட்டத்திலேயே முடிவு எடுக்க வேண்டி வந்தது. எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படும் என்பது வேறு விஷயம். நேரத்தைப் பெற்றோரால் தனித்தனியே காப்பாற்ற முடியாது, ஊர்தான் ஒதுக்க வேண்டும் என்பதை அந்த முடிவு ஒப்புக்கொள்கிறது.

கைபேசி இதற்குப் பதில் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மாலை ஆறு மணிப் படனத்தை நேரலையில் விட்டால், கோடையில் ரொறன்ரோவில் காலை எட்டரை. வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டே கேட்கலாம். லண்டனில் மதியம் ஒன்றரை. நல்லதுதான். ஆனால் பதிவைப் பிறகு கேட்கலாம் என்று வைத்தவர் பிறகு கேட்பதில்லை. தால்மூத் படிப்பவர்கள் நூறு ஆண்டு தாக்குப்பிடித்தது, இன்று எந்தத் தாள் என்பதில் உலகத்துக்கே ஒரே விடை இருப்பதால்தான். தவறவிட்டால் தவறியதுதான், நாளைக்கு அடுத்த தாள்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வெளிநாட்டுக் காசில் குடாநாட்டுக் கோயில்கள் இராசகோபுரம் கட்டுகின்றன. திருவிழாவுக்கு ஊர் கூட்டி மேளக் கச்சேரி வைக்கின்றன. பயன் சொல்பவருக்குக் கிடைப்பது இன்னமும் வேட்டி சால்வைதான். தோட்டம் வைத்திருந்த பழைய பயன்காரருக்கு அது போதும். பல்கலைக்கழகத்தில் தமிழோ சைவசித்தாந்தமோ படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ அது போதாது. மைமோனிதீஸ் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். நான் பிடியரிசியின் பக்கம்: கேட்பவர்கள் உழைக்கட்டும், சொல்பவருக்கு ஊர் கொடுக்கட்டும்.

ஒரு கோயில் துணிந்து தொடங்கினால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. தைப்பூசத்தன்று முதல் செய்யுள். தினமும் இரவு ஏழரைக்கு, கடைக்காரரும் வரக்கூடிய நேரத்தில், 40 செய்யுள். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு மூன்று வாரம் தவறினாலும் கந்தசஷ்டிக்குள் 10,345உம் முடிந்துவிடும். பயன் சொல்பவருக்கு ஒன்பது மாதச் சம்பளம், ஒரு நாள் மேளக் கச்சேரிக்குக் கொடுப்பதைவிட எவ்வளவு கூடிவிடும் என்பதைத் திருவிழா உபயகாரர்களே கூட்டிப் பார்க்கட்டும்.